இன்னும் யாரு வரணும்?

கொழும்பில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்குப் படம் பிடிக்கும் ஆசை வந்துவிட்டது. விடுமுறைக்கு ஹட்டன் பக்கம் வந்தவரை, இப்போது என் போட்டோ ஸ்டூடியோவை நடத்தும் மருமகன் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தான். அன்றோடு என் நிம்மதி போயிற்று. காலையில் நான் பல் தேய்ப்பதற்குள் போனில் கேள்வி வந்து நிற்கும். மலையைப் பிடிக்க எந்த லென்ஸ் நல்லது? முக்காலி கனமாக இருக்க வேண்டுமா? மூடுபனி எத்தனை மணிக்கு விலகும்? நாலைந்து படங்களை ஒட்டி அகலப் படம், அவர் பாஷையில் பனோரமா, செய்தால் நடுவில் கோடு தெரிகிறதே, ஏன்?

நான் வேலையை விட்டு நோர்வூட்டில் ஓய்வாக இருக்கிறேன். முழங்கால் இரண்டும் போய்விட்டன. வாய் மட்டும் போகவில்லை. "ரயில் கோச்சியே இங்கே நேரத்துக்கு வாறதில்ல டாக்டர், நீங்க பனிக்கு நேரம் கேக்குறீங்க" என்று பதில் அனுப்பினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார். நல்ல மனிதர். கருவிகளைப் பற்றி என்னைவிட அவருக்கு அதிகம் தெரியும். அவரிடம் இருக்கும் லென்ஸ்களில் பாதியை நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் கேட்டார்: "மாஸ்டர், நீங்க முதன்முதலா பனோரமா எடுத்தது எந்த மலையை?"

"மலை இல்ல டாக்டர். சாவு வீடு" என்றேன்.

அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டார். கிண்டல் இல்லை. எங்கள் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு சாவு விழுந்தால், பெட்டியை மூடுவதற்கு முன்னால் கடைசியாக நடப்பது படம் எடுப்பதுதான். நீர்மாலை, வாய்க்கரிசி எல்லாம் ஆன பிறகு உறவுக்காரர்கள் பெட்டியைச் சுற்றி நிற்பார்கள். தலைமாட்டில் பிள்ளைகள், இரண்டு பக்கமும் சம்பந்தி வீட்டார், கால்மாட்டில் பேரன் பேத்திகள். போட்டோக்காரர் அமுக்குவார். அடுத்த நிமிடம் மூடி ஏறும், ஆணி இறங்கும், தப்பு முழங்கும். கல்யாணப் படம் இல்லாத வீடு தோட்டத்தில் உண்டு, சாவுப் படம் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை.

நான் வேலை பழகியது ஹட்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த சவரி மாஸ்டரிடம். பழகிய கதை பெரிதில்லை. படம் கழுவினேன், காயப்போட்டேன், பெட்டி தூக்கினேன், திட்டு வாங்கினேன். இல்லை, திட்டு வாங்கவில்லை. அவர் திட்டவே மாட்டார். தப்பாகச் செய்தால் என்னைப் பார்க்காமல் அந்த வேலையைத் தானே மறுபடியும் செய்வார். அதற்கு இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

அவர் சாவு வீட்டுக்குள் போகும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. லயத்து இஸ்தோப்பில் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றுவார். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக ஒட்டி வாழும் எங்கள் லயங்களில் ஒவ்வொரு காம்பரா அறைக்கும் முன்னால் இருக்கும் சின்ன விறாந்தைதான் இஸ்தோப்பு. அங்கே எத்தனை சேறு இருந்தாலும் வெறுங்காலோடுதான் நிற்பார். இறந்தவர் பெயரை முதலில் கேட்டுக்கொள்வார். பிறகு அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசுவார், "பொணம்" என்ற சொல் அவர் வாயில் வராது. "ராமாயி அம்மா முகத்துல வெளிச்சம் விழல, கதவக் கொஞ்சம் தெறங்க" என்பார். எல்லாம் தயாரானதும் அங்கே இருப்பவர்களில் மூத்தவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"இன்னும் யாரு வரணும்?"

கண்டியிலிருந்து மூத்த மகள் வரவேண்டும் என்பார்கள். காத்திருப்பார். மழை கொட்டும். தப்படிக்கிறவர்கள் பிளேன்டீ குடித்து முடித்து இரண்டாவது சுற்றும் குடிப்பார்கள். ஊர்ப் பெரியவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். ஒருமுறை ஒரு கண்டாக்கையா, அதாவது தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், மாஸ்டரிடம் வந்து சீக்கிரம் எடுக்கச் சொன்னார். மாஸ்டர் மெல்லத்தான் சொன்னார்: "நான் அமுக்குனா இவங்க மூடிருவாங்க. மூடுன பொறகு வாற பிள்ளைக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

கண்டாக்கையாவும் இஸ்தோப்பு ஓரத்தில் ஒதுங்கி நின்று காத்திருந்தார்.

அகலப் படத்துக்கு வருகிறேன், டாக்டருக்கு அதுதானே வேண்டும். பெரிய கங்காணி ஒருவர் செத்தார். அவருக்கு மூன்று தோட்டம் முழுக்க உறவு. இஸ்தோப்பு கொள்ளாமல் லயத்து முற்றம் நெடுக ஆட்கள் நின்றார்கள். ஒரு படத்துக்குள் அத்தனை பேர் அடங்க மாட்டார்கள். அகல லென்ஸ் போட்டால் ஓரத்தில் நிற்பவனுக்கு யானைக்கால் வந்த மாதிரி ஆகிவிடும், பிறகு நம் காலை உடைப்பான். மாஸ்டர் சாதாரண லென்ஸையே போட்டார். முக்காலியை நட்டு, மட்டம் பார்த்து, இடது கையை உயரத் தூக்கினார். "என் கை எறங்குற வரைக்கும் யாரும் அசையக் கூடாது" என்றார். இடது ஓரத்தில் ஒன்று, கேமராவைக் கொஞ்சம் திருப்பி நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று. ஒரு படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்த படத்திலும் விழ வேண்டும். வெளிச்ச அளவை நடுவில் மாற்றக் கூடாது. ஸ்டூடியோவில் மூன்றையும் பிளேடால் வெட்டி ஒட்டுவோம். வானத்தில் வெட்டினால் கோடு தெரியும். ஒரு தூண், ஒரு மரம், ஒரு ஆளின் தோள் என்று ஏதாவது ஓரத்தைப் பிடித்து வெட்ட வேண்டும். டாக்டர், உங்கள் கோட்டுக்குப் பதில் இதுதான்.

அன்று கங்காணியின் மருமகன் கருப்பையா இடது ஓரத்தில் பெண்டாட்டியோடு நின்று படத்தில் விழுந்தார். மாஸ்டர் நடுப்பக்கம் திரும்பியதும் வலது ஓரத்தில் நின்ற அண்ணன்மார் அவரை ஜாடை காட்டிக் கூப்பிட, ஆட்களுக்குப் பின்னால் ஓடி அங்கேயும் போய் நின்றுவிட்டார். ஒட்டிப் பார்த்தால் ஆள் இரண்டு பக்கமும் நிற்கிறார். சாவுப் படத்தில் இரண்டு தடவை விழுந்தவனுக்குத்தான் அடுத்த பெட்டி என்று அந்தத் தோட்டத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. கருப்பையா சோறு இறங்காமல் ஸ்டூடியோவில் வந்து உட்கார்ந்தார். மாஸ்டர் அவரிடம், "ஒங்க எடம் எதுன்னு சொல்லுங்க, மத்தத எடுத்துர்றேன்" என்றார். கருப்பையா அண்ணன்மார் பக்கத்தைப் பார்த்தார், பெண்டாட்டி பக்கத்தைப் பார்த்தார், கடைசியில் பெண்டாட்டி பக்கத்தையே காட்டினார். மாஸ்டர் வலது பக்கத்து ஆளைப் பிளேடு நுனியால் சுரண்டி, அந்த இடத்தில் தூரிகையால் நாலு தேயிலைச் செடியை நட்டார். கருப்பையா பேரப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

அன்று மாஸ்டர் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "கேமராவத் திருப்பிட்டா திருப்புனதுதான். விட்ட பக்கத்துக்குத் திரும்பிப் போகாத. தப்பாயிருச்சுன்னா மொத்தத்தையும் மொதல்ல இருந்து எடு." அவர் காலம் முடியும்வரை நான் அதை மீறவில்லை.

மலைப் படங்களும் எடுத்தேன், இல்லை என்று சொல்லவில்லை. துரைமார் பங்களா சுவருக்கு, பிறகு அதே பங்களாக்கள் ஓட்டலான பிறகு ஓட்டல் சுவருக்கு. எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள்: பச்சை இருக்க வேண்டும், பனி இருக்க வேண்டும், லயம் தெரியக் கூடாது. தகரக் கூரை வெயிலில் பளிச்சென்று அடித்துப் படத்தைக் கெடுக்குமாம். பனி ஏறி லயத்தை மூடும்வரை காத்திருந்து அமுக்குவேன். டாக்டர் முதன்முதலில் எனக்குக் காட்டிய படமும் அப்படிப்பட்ட ஒன்றுதான். அழகாக எடுத்திருந்தார், அதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.

இனி ஒரு லயத்தின் கதைக்கு வருகிறேன். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். மாஸ்டர் போய்ச் சேர்ந்து, ஸ்டூடியோ என் கைக்கு வந்து, பிளேடும் பசையும் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம். விடாத மழை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கிறவர்கள் மலைக்கு ஏறிய பிறகு, லயத்துக்கு மேலிருந்த சரிவு யூகலிப்டஸ் என்கிற கருப்பந்தைல மரங்களோடு அப்படியே இறங்கியது. லயத்தில் அப்போது இருந்தது வயதானவர்களும், காய்ச்சல் சளி என்று வீட்டில் விட்ட பிள்ளைகளும். அவர்களில் சிவனு என்பவரின் மனைவியும் பேரனும் இருந்தார்கள். பேரன் பெயர் டிலக்‌ஷன், பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் சேர்த்திருந்தார்கள்.

சிவனு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த மனிதர். அன்று காலை பென்ஷன் விஷயமாக டவுனுக்குப் போனதால் தப்பினார். அவர் மகள் செல்வி, டிலக்‌ஷனின் தாய், மலையில் கூடையோடு நின்றதால் தப்பினாள். செல்வியை எனக்கு முன்பே தெரியும். அவள் புருஷன் குளவி கொட்டிச் செத்தபோது பெட்டியோடு படம் எடுத்தது நான்தான். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றவள் அவள்.

இராணுவத்துப் பையன்கள் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். சிலர் கிடைத்தார்கள், பலர் கிடைக்கவில்லை. தோண்டத் தோண்ட மேலிருந்து மண் வந்தது. கடைசியில் ஓர் அதிகாரி வந்து, இன்றோடு நிறுத்துகிறோம், மலை இன்னும் அசைகிறது, தோண்டுகிறவர்களும் போய்விடுவார்கள் என்று சிங்களத்தில் தணிந்த குரலில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குடும்பங்களையும் வேறிடத்துக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். அன்று மத்தியானம் சிவனு எனக்குப் போன் செய்தார்.

"சார், போட்டோ எடுக்கணும். எல்லாரும் போறதுக்கு முந்தி."

"பெட்டி வந்துருச்சாங்க?" என்று கேட்டேன். எவரோ கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"பெட்டி இல்ல சார். மலைதான்."

நான் போனபோது தூறிக்கொண்டிருந்தது. சரிவின் அடியில் வண்டிப் பாதை ஓரமாக, மண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, லயத்தில் தப்பியவர்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் உரித்துப்போட்ட மாதிரி மலை. அதன் மேல் ஒரு தகரத் துண்டும் யாருடைய பச்சைச் சட்டையோ ஒன்றும் கிடந்தன. எதிர்ப் பக்கத்துத் தேயிலை வரம்பில் ஏறி முக்காலியை நட்டேன். பேசினால் கேட்கிற தூரம்தான். மலை முழுவதும் வேண்டும், ஆட்களின் முகமும் வேண்டும் என்றால் ஒரு படம் போதாது. இடமிருந்து வலமாக ஐந்து எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

மட்டம் பார்த்தேன். வெளிச்சம் பார்த்தேன். கை பழக்கத்தில் தன் வேலையைச் செய்துகொண்டே போனது, வாயும் அப்படியே. வரிசையின் மூத்தவர் சிவனு, இடது ஓரத்தில் நின்றார். அவரைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்:

"இன்னும் யாரு வரணும்?"

வரிசையில் ஒரு பெண் திரும்பி மண்ணைப் பார்த்தாள். கேட்ட சொல்லைப் பிடித்து மறுபடியும் வாய்க்குள் போட முடியாதே. மறைக்கப் போய் இன்னொன்றைக் கேட்டேன். ஆட்கள் அங்கங்கே இடைவெளி விட்டு நின்றார்கள். சிவனுவுக்கும் அவருக்கு அடுத்து நின்றவருக்கும் நடுவில் மூன்று பேர் நிற்கிற அளவு வெறும் இடம் கிடந்தது. "கொஞ்சம் கிட்ட வாங்க, எடவெளி தெரியுது" என்றேன்.

"தெரியட்டும் சார்" என்றார் சிவனு. "எடம் விட்டுத்தான் நிக்கிறோம். இது எம் பொஞ்சாதிக்கு. இது பேரனுக்கு. இது செல்விக்கு, அவ வரமாட்டேங்குறா."

செல்வி எனக்குப் பின்னால், வரம்புக்குக் கீழே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு அன்றும் அவள் இடுப்பிலேயே இருந்தது. நான் இறங்கிப் போனேன்.

"வா தாயி. அப்பா கூப்புடுறாரு."

"நான் வரல சார்."

"அவரு தனியா நிக்கிறாரு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அழுத முகமாக இல்லை, கோபம்தான் இருந்தது. "எம் புருஷன் செத்தப்பயும் நீங்கதானே எடுத்தீங்க? எடுத்த ஒடனே மூடிட்டாங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பாக்கணும்னு இருந்துச்சு, யாரும் கேக்கல. இப்ப நான் போய் நின்னா நாளைக்கு மெஷின எடுத்துட்டுப் போயிருவாங்க. எம் புள்ள உள்ள இருக்கான் சார். நீங்க எடுக்காதீங்க."

எடுக்காவிட்டாலும் இயந்திரம் போகத்தான் போகிறது என்று எனக்குத் தெரியும். அந்த அதிகாரி சொன்னதை அவளும் கேட்டிருந்தாள். ஆனாலும் அவள் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. நாங்கள் நடத்திவந்த வழக்கமே அதுதானே? படம் எடுத்தால் மூடி ஏறும். திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அத்தனை பேர் மழையில் நின்றார்கள். நாளைக்கு அவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

மேலே ஏறினேன். கையைத் தூக்கினேன். முதல் படத்தில் சிவனுவும் அவர் பக்கத்து வெற்றிடமும் விழுந்தன. இரண்டாவதில் அந்த வெற்றிடத்தின் விளிம்பும் அடுத்த குடும்பமும். மூன்றாவது எடுத்தேன், நான்காவது எடுத்தேன். ஐந்தாவது படத்தில் வலது ஓரத்து மரங்களும் நின்றுபோன இயந்திரமும் இருந்தன. அமுக்கி முடித்து நிமிர்ந்தபோது வரிசையில் ஒரு சலசலப்பு. கீழே பார்த்தேன். செல்வி பாதையைக் கடந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தனக்கு விட்ட இடத்தில் நிற்கவில்லை, பிள்ளைக்கு விட்ட இடத்தில் நின்றாள்.

அதற்குள் மேலேயிருந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டது. மொத்தத்தையும் முதலில் இருந்து எடுக்க வெளிச்சம் இருக்காது, அவளும் அதுவரை நிற்க மாட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மாஸ்டர் சொல்லை மீறினேன். விட்ட பக்கத்துக்குக் கேமராவைத் திருப்பி இன்னும் ஒன்று எடுத்தேன்.

"எடுத்தாச்சா சார்?" என்று அவள் அங்கிருந்தே கேட்டாள்.

"எடுத்தாச்சு தாயி."

"அப்ப மூடிருவாங்கல்ல?"

அவர்கள் யாரும் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டு நனைந்தார்கள். எதற்கு நிற்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சிவனுதான் சத்தம் போட்டார்: "கைய எறக்குங்க சார், புள்ளைங்க நனையுதுங்க." என் இடது கை இன்னும் மேலேயே இருந்தது.

மறுநாள் இயந்திரத்தை லொறியில் ஏற்றினார்கள்.

ஸ்டூடியோவில் உட்கார்ந்து படங்களை ஒட்டினேன். இடது பக்கத்துக்கு முதல் படத்தை விட்டுவிட்டு, செல்வி நிற்கிற கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டேன். அவள் வந்தாள், நின்றாள், அது படத்தில் இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. பனி ஏறிய படம் ஆகையால் அந்த ஓரம் மட்டும் வெளிறியிருந்தது. ஒட்டிய இடம் எவ்வளவு தடவியும் மறையவில்லை. எல்லாக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன்.

சில வருடங்கள் கழித்து அவர்களுக்குத் தனி வீடு கிடைத்தது. சிவனு அந்தப் படத்தை முன்னறைச் சுவரில் மாட்டினார். செல்வி அதற்கு நேராக உட்காரவே மாட்டாள். தோட்டத்தை விட்டுவிட்டு டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனாள். எங்கே என்னைக் கண்டாலும் ஒரே பேச்சுத்தான்: "நான் போய் நின்னுருக்கக் கூடாது சார். நிக்காம இருந்திருந்தா இன்னும் ஒரு நாள் தோண்டிருப்பாங்க." அப்படி இல்லை என்று எத்தனையோ முறை சொன்னேன். அதிகாரி சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "ம்" என்பாள். அடுத்த முறை பார்க்கும்போது மறுபடியும் அதையே சொல்வாள்.

டாக்டர் என் வீட்டில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் படம் கண்ணில் பட்டுவிட்டது. கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு, மனம் கேட்காமல்தான், "இந்த ஓரத்துல ஒட்டு தெரியுதே மாஸ்டர். இப்ப இருக்கிற சொஃப்ட்வெயர்ல போட்டா தெரியாது. நான் செஞ்சு பாக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கும் அந்த வெளிறிய ஓரம் இத்தனை வருடமாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஆறு படங்களையும் கொடுத்தனுப்பினேன்.

மறு வாரம் படம் போனில் வந்தது. மலை ஒரே சீராக, ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாதபடி இருந்தது. பெரிதாக்கி இடது ஓரத்தைப் பார்த்தேன். சிவனு நின்றார். அவருக்குப் பக்கத்தில் மூன்று இடம் வெறுமையாகக் கிடந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன்.

"டாக்டர், ஒரு பொம்பளையக் காணோம்!"

அவர் பதறிவிட்டார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு படத்துல மட்டும் இருந்தா, அசைஞ்சு போன ஆள்னு அதுவே நீக்கிடும் மாஸ்டர். நான் கவனிக்கல, மன்னிச்சுக்குங்க. இப்பவே திருப்பிப் போட்டுத் தாறேன்."

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம்தான். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்து நின்றிருக்கிறாள், ஒரு இயந்திரம் அவளை அசைந்த ஆள் என்று துடைத்துப் போட்டிருக்கிறது. வாயில் வந்ததைச் சொல்லப் போனேன். அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தேன். செல்வி வழக்கமாகச் சொல்லும் பேச்சு ஞாபகத்துக்கு வந்தது.

"வேணாம் டாக்டர். இப்பிடியே இருக்கட்டும்" என்றேன்.

மருமகனிடம் சொல்லிப் பெரிதாக அச்சடித்து, கடதாசியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை, செல்வி வீட்டில் இருந்தாள். சிவனு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது, ஆட்களைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். நான் அந்தப் படத்தைச் செல்வியிடம் விரித்துக் காட்டினேன். அவள் முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு பார்த்தாள். மேசை மேல் வைத்து, குனிந்து, அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தாள்.

"இது எப்ப எடுத்தது சார்?"

"அன்னைக்குத்தான் தாயி."

"நான் இல்லையே."

"இல்ல."

"அப்ப நான் போகவே இல்ல?"

நான் அவளுடைய அப்பாவின் முதுகைப் பார்த்தேன். சுவரில் இருக்கும் படத்தையும் பார்த்தேன்.

"போகல" என்றேன்.

அவள் படத்தை மறுபடியும் கடதாசியில் சுற்றி உள்ளே எடுத்துப் போனாள். அலுமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. டீ போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் படியில் சிவனுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"சார்" என்றார். "அந்தப் படத்துல நான் தனியாவா நிக்கிறேன்?"

"ஆமாங்க."

அவர் மலைப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பரவால்ல" என்றார். "நிக்கிறேன்."